மருந்தும் தண்ணீரும்

"சொல்லிக் கொடுத்தேன். எல்லாரும் கேட்டாங்க. கடைசியில ஒருத்தர்கூட ஊத்தல" என்றார் கோமதிநாயகம்.

எஸ்தர் மாத்திரை அட்டை ஒன்றைக் கத்தரியால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஆடாம அசையாம உக்காந்து கேட்டாங்க."

"ம்" என்றாள்.

கோமதிநாயகம் மதுரையில் ஒரு மருந்தியல் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். எஸ்தர் அவரிடம் படித்தவள். இப்போது பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஒரு கரிசல் ஊரில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடை வைத்திருக்கிறாள். மாணவியாக இருந்தபோது, கேள்வி கேட்டே பாடத்தைக் கெடுக்கிறாள் என்று அவளைப் பல முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். அதை அவர் மறந்துவிட்டார். வெளியே நின்றவர்கள் மறப்பதில்லை.

அந்த வட்டாரத்தில் தீக்காயம் பட்டவன் முதலில் ஓடிவருவது மருந்துக்கடைக்குத்தான். மருத்துவர் இருக்கும் ஊர் தொலைவு. ஓடிவரும்போது காயத்தின்மேல் பற்பசையோ பேனா மையோ இட்லி மாவோ அப்பியிருக்கும். ஆகவே மருந்தாளர்களே ஆலை ஆலையாகப் போய் மக்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுப்பது என்று மருந்தாளர் சங்கம் தீர்மானம் போட்டது. தீர்மானம் போடுவதில் சங்கங்களுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. போவதற்கு ஆள் தேடியபோதுதான் எல்லோருக்கும் வேறு வேலை வந்தது.

கோமதிநாயகம் தாமாகக் கை தூக்கினார். தீக்காயத்தில் உடனே தண்ணீர் ஊற்றச் சொல்லும் வண்ணப் படங்களோடு போனார்.

அவர் வகுப்பு எடுத்த ஓர் ஆலையில், மாதம் ஒன்று கழிந்து, ஓர் அறை வெடித்தது. கருத்தப்பாண்டி என்பவனை உயிரோடு வெளியே இழுத்துப் போட்டார்கள். கூப்பிடு தூரத்தில் தொட்டி நிறையத் தண்ணீர். ஆலையே அவனைச் சுற்றி நின்றது. ஒரு கைத் தண்ணீர் அவன்மேல் விழவில்லை. வண்டி வரும்வரை அப்படியே கிடந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு இறந்தான்.

எஸ்தர் வகுப்பு எடுத்த ஆலைகளிலும் தீ பிடிக்கிறது. அங்கே ஊற்றுகிறார்கள்.

அதனால்தான் அவர் பேருந்து ஏறி வந்திருந்தார்.

"நீ எதுல எழுதிக் காட்டுற எஸ்தர்? படமா? பலகையா?"

"எதுலயும் இல்ல சார்."

"திங்கட்கிழமை அந்த ஆலையைத் திறக்குறாங்க. நான் திரும்பவும் வகுப்பு எடுக்கணும். அதே வகுப்பை எடுத்தா அதே மாதிரி இன்னொருத்தன் சாவான். அது எனக்குத் தெரியுது. ஏன்னுதான் தெரியல."

"அன்னைக்கு வகுப்புல யாராச்சும் வாயைத் திறந்தாங்களா?"

"ஒரு பொம்பளை கேள்வி கேட்டா. நல்ல கேள்வி. காயத்து மேல ஏற்கெனவே மருந்து போட்டிருந்தா தண்ணி ஊத்தலாமான்னு. ஊத்தாதீங்க, கலைக்காம அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொன்னேன்."

கத்தரி பாதி அட்டையில் நின்றது.

"அவ அப்படியா கேட்டா?"

"கிட்டத்தட்ட."

"அவ வார்த்தையில சொல்லுங்க."

"வார்த்தை ஞாபகம் இல்ல. கேள்வி ஞாபகம் இருக்கு."

கத்தரி மீதி அட்டையை வெட்டி முடித்தது.

"உள்ள வாங்க சார். அந்த முக்காலில உக்காருங்க. வர்றவங்களுக்கு எடுத்துக் கொடுங்க. வார்த்தை ஞாபகம் வந்ததும் என்கிட்டச் சொல்லுங்க."

"நான் கத்துக்க வந்தேன், எஸ்தர். மாத்திரை விக்க இல்ல."

"தெரியும் சார். முக்காலி ஒரு கால் ஆடும். பாத்து உக்காருங்க."

*

ஒரு பெண் வந்தாள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். கேட்டாள்.

கோமதிநாயகம் எடுத்துக் கொடுத்தார். "ஒரு லிட்டர் தண்ணியில முழு பாக்கெட்டையும் கரைக்கணும். கொதிச்சு ஆறின தண்ணி. கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

அவர் திருப்தியோடு திரும்பினார். கண்ணாடிப் பலகையின்மேல் கத்தரி டக்கென்று தட்டியது.

"தங்கம்" என்று எஸ்தர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். "எதுல கரைப்ப?"

"அவன் பால் குடிக்கிற டம்ளர்லதான் அக்கா. ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிக் கொடுத்துட்டு, மிச்சத்தை மடிச்சு வெச்சுக்குவேன். ரெண்டு நாளைக்கு வரும்ல."

"சார் என்ன சொன்னாரு?"

"லிட்டர்னாரு."

"லிட்டர்னா உன் வீட்டுல எது?"

அந்தப் பெண் யோசித்தாள். பிறகு சிரித்தாள். "பால்காரர் வெச்சிருக்காரு. நாங்க எதுக்கு அதை வெச்சுக்கப் போறோம்?"

எஸ்தர் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினாள். கழுத்துவரை விரலால் காட்டினாள். அவள் போனாள்.

"ஒரு லிட்டர்னு நான் தெளிவாச் சொன்னேனே" என்றார் கோமதிநாயகம்.

"ரொம்பத் தெளிவா சார்."

பிற்பகலில் வேறொருத்தி வந்தாள். சாயம் போன சேலை. வலது கை முழங்கைவரை கட்டு. கட்டின் ஓரங்கள் அழுக்கேறியிருந்தன.

"நல்லாருக்கீகளா சார்?"

"நல்லா இருக்கேன்மா. என்ன வேணும்?"

"கட்டுத் துணி."

அவர் இரண்டு சுருள் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள்போல உதட்டை ஈரப்படுத்தினாள். அவர் அதற்குள் அலமாரியில் கலைந்திருந்த டப்பாக்களை நேராக அடுக்கத் தொடங்கியிருந்தார். அவள் இடது கையால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

கத்தரி தட்டியது. இந்த முறை ஓங்கி.

"இப்போ என்ன தப்பு? அவ கேட்டதைத்தானே கொடுத்தேன்?"

"ஆமா சார்" என்று எஸ்தர் ஒப்புக்கொண்டாள். "அவ கேட்டதைக் கொடுத்துட்டீங்க."

*

மறுநாளும் தட்டியது. எத்தனை முறை என்று அவர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

கல்லூரியில் அவர் பேசினால் பேனாக்கள் ஓடும். இங்கே அவர் பேசினால் கத்தரி பேசியது. ஓய்வூதியம் வாங்கும் வயதில், தாம் வெளியே நிறுத்திய மாணவியிடம் ஆடும் முக்காலியில் உட்கார்ந்து குட்டு வாங்குவது அவருக்குக் கசந்தது. பேருந்து எதிரேதான் நின்றது. ஏறிப் போய்விடலாம்.

ஆனால் திங்கட்கிழமை ஆலை திறக்கும்.

"ஒரு குறிப்பாவது கொடேன், எஸ்தர்."

"வார்த்தை ஞாபகம் வந்துச்சா?"

"இல்ல."

"அப்போ குறிப்பு எதுக்கு?"

*

சனிக்கிழமை காலையில் ஓர் இளைஞன் வந்தான். இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிச் சொறிந்துகொண்டிருந்தான். விரலிடுக்குகள் சிவந்து தடித்திருந்தன. நகக்கண்களில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

"மருந்து ஒத்துக்கல சார். அரிப்புத் தாங்கல. ஏதாச்சும் களிம்பு கொடுங்க."

கோமதிநாயகத்தின் கை அலமாரியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. கத்தரியைத் திரும்பிப் பார்த்தார். அது அசையாமல் கிடந்தது.

"எந்த மருந்து தம்பி? டாக்டர் சீட்டு வெச்சிருக்கியா?"

இளைஞன் சொறிவதை நிறுத்தினான். "மருந்து செலுத்த எதுக்கு சார் டாக்டர் சீட்டு?"

"என்னது?"

"சார் வெளியூரா?" என்று எஸ்தரைப் பார்த்துக் கேட்டான். பிறகு இரக்கப்பட்டு விளக்கினான். "குழாய்க்குள்ள மருந்து செலுத்துறது சார். அதான் என் வேலை. நாலு வருசமா ஒண்ணும் செய்யல. இப்போ வந்த தூளு ஆகல."

வெடிமருந்து என்ற சொல்லைக் கோமதிநாயகம் அறியாதவர் அல்ல. அதன் முன்பாதியை இந்த ஊர் என்றைக்கோ உதிர்த்துவிட்டது என்பதைத்தான் அவர் அறிந்திருக்கவில்லை.

"சரி" என்றார் மெதுவாக. "கையைக் கழுவுனியா?"

"உடனேயா?" அவன் சிரித்தான். "நல்லாச் சொன்னீக. மருந்து பட்ட கையில உடனே தண்ணி படலாமா? அதுல அலுமினியத் தூளு இருக்கு. ஈரம் பட்டா தானாச் சூடேறும், தானாப் பத்தும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு போர்மேன் சொல்ற மொதப் பேச்சே அதான். மருந்தும் தண்ணியும் ஒண்ணு சேரக் கூடாது. தட்டித் தொடைச்சு வெளிய வந்துட்டுத்தான் தண்ணிப் பக்கமே போவோம். என்ன எஸ்தர் அக்கா?"

எஸ்தர் கோமதிநாயகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு தம்பி" என்றார் அவர்.

"எதை?"

"கடைசியாச் சொன்னதை. மருந்து..."

"மருந்து பட்ட கையிலயா?"

பட்ட.

முக்காலி ஆடியது. அவர் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

களிம்பை எஸ்தர்தான் எடுத்துக் கொடுத்தாள். இளைஞன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பெரியவருக்குச் சர்க்கரை இருக்கும் போல என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடையில் யாரும் இல்லை. எதிரே பேருந்து ஒன்று வந்து நின்று, புழுதியை இறக்கிவிட்டு, போனது.

"'மருந்து மேல பட்டிருந்தா?'" என்றார் கோமதிநாயகம். "அதான் அவ வார்த்தை. வேற எதுவும் சொல்லல."

எஸ்தர் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"'போட்டிருந்தா'ன்னு நான் கேட்டேன், எஸ்தர்."

"நீங்க கேக்கவே இல்ல சார்."

அவர் கத்தரியைத் தள்ளி வைத்தார்.

"உனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா குறிச்சு வெச்சுக்கிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பீங்க."

அவர் எதிரே பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தார்.

"ஊத்தியிருந்தா பிழைச்சிருப்பானா?"

"யாருக்கும் தெரியாது. நெஞ்சு வரைக்கும் வெந்திருந்துச்சு. ஆழம் குறைஞ்சிருக்கும். எரிச்சல் குறைஞ்சிருக்கும். அவ்வளவுதான் தெரியும்."

"அந்தப் பொம்பளை யாரு?"

"சீனித்தாய். கருத்தப்பாண்டி பொண்டாட்டி."

"அவன் பொண்டாட்டியா?"

"அதே ஆலைதான். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. எரியும்போது அவனைப் பிடிச்சு வெளிய இழுத்தவ அவதான். வலது கையால."

கோமதிநாயகம் அலமாரியைப் பார்த்தார். தாம் நேராக அடுக்கிய டப்பாக்கள் நேராகவே இருந்தன.

"அவளுக்குத்தான் முந்தாநாள் ரெண்டு சுருள் எடுத்துக் கொடுத்தீங்க" என்றாள் எஸ்தர். "இன்னைக்குத் தீர்ந்திருக்கும். வருவா."

*

வந்தாள்.

இந்த முறை அவர் எழுந்து நின்றார். அது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"உக்காருங்க சார். துணிதான் வேணும்." பிறகு, கண்ணாடிப் பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கே உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். வாய் வரல."

"சொல்லுங்கம்மா."

"நீங்க சொன்னபடிதான் செஞ்சோம். எல்லாரும் தொட்டிக்கு ஓடுனாக. என் இடது கையில குடமே இருந்துச்சு, தண்ணியோட. நாந்தான் வேணாம்னேன். மறிச்சு நின்னேன். சார் சொல்லிருக்காக, மருந்து பட்டா ஊத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காக, நாந்தானே கேட்டேன்னு சத்தம் போட்டேன். கீழ கிடந்து அவுக தண்ணி தண்ணின்னு கத்துனாக. குடிக்கக் கேக்குறாகளா, மேல கேக்குறாகளான்னு தெரியல. ரெண்டுக்கும் கொடுக்கல."

நிறுத்திக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லாம இருந்தா நானே ஊத்தியிருப்பேன் சார். என் கையாலயே கொன்னதா ஆயிருக்கும். அந்தப் பழி இல்லாமப் போச்சு. அதுக்குத்தான் ஒரு கும்பிடு போடணும்னு..."

கட்டுப் போட்ட கையையும் நல்ல கையையும் சேர்க்கப் பார்த்தாள். சேரவில்லை.

கோமதிநாயகம் எஸ்தரைப் பார்த்தார்.

எஸ்தர் எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கிவந்து சீனித்தாயின் பக்கத்தில் போட்டாள். பிறகு கடையின் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். அது அவருக்குத் தோன்றாமல் இல்லை. இவள் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். ஊரெல்லாம் சொல்வாள். மருந்து பட்டால் ஊற்றக் கூடாது, பெரிய படிப்புப் படித்த சார் சொல்லியிருக்கிறார், என் வீட்டுக்காரருக்கே நான் ஊற்றவில்லை என்று சொல்வாள். அதைவிடப் பெரிய சான்று எந்த ஆலைக்கும் கிடைக்காது. அடுத்து எரிகிறவனைச் சுற்றியும் எல்லோரும் கை கட்டி நிற்பார்கள்.

"உக்காருங்கம்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு மருந்துன்னு நீங்க கேட்டதும், நான்..." கையைத் தூக்கித் தமக்குப் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். களிம்புக் குழாய்கள். சிவப்பு மருந்து பாட்டில்கள். "நான் இதுன்னு நினைச்சுட்டேன்."

சீனித்தாய் அலமாரியைப் பார்த்தாள். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை பார்த்தாள். மந்தமானவளாக இருந்திருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கும். வகுப்பில் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள்.

"அப்போ ஊத்தியிருக்கணுமா?"

"ஊத்தியிருக்கணும்."

"ஊத்தியிருந்தா..."

"அது தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"எரிச்சல்?"

பொய் சொல்ல அவருக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது.

"குறைஞ்சிருக்கும்" என்றார்.

அவள் எழுந்தாள். அழவில்லை, திட்டவில்லை. படியில் இறங்கும்போது மட்டும், இல்லாத ஒரு குடத்துக்காக இடுப்பை ஒருபக்கமாகச் சாய்த்து இறங்கினாள்.

எஸ்தர் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கட்டுத் துணி பலகையின்மேலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல், சீனித்தாய் போன திசையில் ஓடினாள்.

*

திங்கட்கிழமை ஆலை திறந்தது. வெடித்த அறை இருந்த இடத்தில் தரையைக் கழுவி வெள்ளையடித்திருந்தார்கள். சுவர் இல்லாத இடத்தில் எதற்கு வெள்ளை என்று யாரும் கேட்கவில்லை.

ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

"சுருக்கமா முடிச்சிருங்க சார். ஆர்டர் நிக்குது."

கோமதிநாயகம் படங்களைக் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு முன்னால் நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

அவர் தொடங்கும் முன்பே முன்வரிசையில் ஒருவர் உதவிக்கு வந்தார். "தெரியும் சார். தீக்காயத்துக்கு ஊத்தணும். மருந்து பட்டா ஊத்தக் கூடாது. அன்னைக்கே சொன்னீக. மறக்கல."

பல தலைகள் ஆடின. அருமையான மாணவர்கள்.

அப்போது கூட்டத்தின் கடைசியில் ஒருத்தி எழுந்தாள். வேலைக்கு வந்தவள் அல்ல. வேலை உடுப்பில் இல்லை. கையில் புதுக் கட்டு, வெள்ளையாக இருந்தது. தலைகள் திரும்பின. யாரோ ஒருத்தி, ஏ சீனித்தாயி, உனக்கு எதுக்கு இது, உக்காரு தாயி, என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"சார், ஒரு கேள்வி."

"கேளுங்கம்மா."

"மருந்து மேல பட்டிருந்தா?"

அதே வார்த்தை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எந்த மருந்தும்மா?" என்றார் கோமதிநாயகம்.

"எங்க மருந்து."

மரத்தடியில் சொறிகிற சத்தம், இருமுகிற சத்தம் எல்லாம் நின்றன.

"அன்னைக்கு ஊத்தாதீங்கன்னு சொன்னது நான். அது தப்பு. அறைக்குள்ள தண்ணி ஆகாது. அதுல போர்மேன் பேச்சைக் கேளுங்க. ஆனா ஆளை வெளிய கொண்டு வந்த பிறகு அவன் மனுசன். உடுப்பைக் கழட்டுங்க. தோலோட ஒட்டினதை இழுக்காதீங்க. தூளைத் தட்டி விடுங்க. தட்டிட்டு, ஊத்துங்க. நிறைய ஊத்துங்க."

"மருந்து மேலயேவா?" என்றார் முன்வரிசைக்காரர். அவர் குரலில் பயம் இருந்தது.

கோமதிநாயகம் சட்டைக் கையை மடித்துவிட்டார். வெறும் கையை முன்னால் நீட்டினார்.

"ஊத்துங்கம்மா."

சீனித்தாய் தொட்டிக்குப் போனாள். குடத்தை முக்கி எடுத்தாள். ஒரு கையால் தூக்க முடியவில்லை. சேலையைப் பிடித்து இழுத்தவள் ஓடிவந்து குடத்தின் அடியைத் தாங்கிக்கொண்டாள். இருவருமாகச் சரித்தார்கள். அவர் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை தண்ணீர் ஓடி மண்ணில் விழுந்தது.

குடம் காலியானது.

"போதுமா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"போதாது. இருபது நிமிசம். மேனேஜர் கையில கடிகாரம் இருக்கு. அவர் பாத்துச் சொல்லுவாரு."

மேனேஜர் வாயைத் திறந்தார். சீனித்தாய் அவரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த குடம். அதற்கடுத்த குடம். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து முக்கிக் கொடுத்தார்கள். நீட்டிய கை தாழத் தொடங்கியது. அவர் அதை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார். காலடி சேறானது. ஊற்றுவதற்கு இவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை ஆலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தது.

"ஆச்சு" என்றார் மேனேஜர்.

சீனித்தாய் குடத்தைக் கீழே வைத்தாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பாதிகூடக் குறைந்திருக்கவில்லை.

"இவ்வளவு தண்ணி இருந்துச்சு" என்றாள்.